நீதிமன்றத்துக்குத் தம்பியின் முறை

கடற்றொழில் அதிகாரிகள் தோணியை மறித்து வலையைப் பிடித்த அன்று காலை, அதில் இருந்த மூன்று பேரும் இடுப்பில் ஈரச் சாரத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஆறுதல் தேடி வந்திருக்கிறார்கள் என்று நினைத்து நான் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன். அவர்கள் வந்ததோ என் தம்பிக்கு என்ன கறி விருப்பம் என்று கேட்பதற்கு.

“நண்டா, இறாலா? கெதியாச் சொல்லு மச்சான். வீட்ட தேங்காய் துருவ ஆள் நிக்குது,” என்றான் அவர்களில் ஒருவனான மேசன்.

தம்பி கொஞ்சம் யோசித்தான். “நண்டு,” என்றான். “முருங்கையிலை போட்டு.”

“சரி, அப்ப திங்கக்கிழமை கோர்ட்டு, கந்தோர் எல்லாம் நீ பாத்துக்கொள்ளு. மறுகா சாப்பாடு எங்கட பொறுப்பு.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முந்தின இரவு தம்பி வாவிப் பக்கமே போகவில்லை. என் கணவர் அறுவடைக்காக வயல் வட்டையில் தங்கியிருந்ததால் எனக்குத் துணையாக வீட்டில்தான் படுத்திருந்தான். அவன் குறட்டைக்கு நானே சாட்சி. வலை பிடிபட்டதற்கும் அவன் கடற்றொழில் கந்தோருக்குப் போவதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன்.

“இந்தமுறை அவர்ர முறை அக்கா,” என்றான் மேசன், பேருந்து வரும் நேரத்தைச் சொல்வதுபோல.

அந்த மூன்று பேரையும் முதலில் சொல்லிவிடுகிறேன். தோணியும் வலையும் ஒருவருடையவை. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன், ஊரில் தோணிக்காரர் என்பார்கள். இரண்டாவது ஆள், வீடு கட்டும் மேசன். வேலை இல்லாத நாட்களில் தோணியில் ஏறுவான். மூன்றாவது ஆளை எல்லோருமே மாமா என்றுதான் சொல்வோம். மெலிந்த மனிதர், கண் பார்வை கொஞ்சம் மட்டு. அவருக்குத் தோணியில் ஒரே ஒரு வேலை: உள்ளே வரும் தண்ணீரைத் தகரப்பேணியால் அள்ளி வெளியே ஊற்றுவது. என் தம்பி மோட்டார் சைக்கிள் திருத்துபவன். ஆசைக்கு எப்போதாவது அவர்களோடு போய் வருவான்.

தங்கூசி வலை என்று நைலோன் நூலில் பின்னிய ஒரு வலை இருக்கிறது. தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாது. மீன் தப்பாது, குஞ்சும் தப்பாது. அதனால் அதைத் தடைசெய்திருக்கிறார்கள். தோணிக்காரர் மற்ற வலைகளோடு இதையும் வைத்திருந்தார். சில வருடங்களுக்கு ஒருதரம் பிடிபடுவார். பிடிபட்டால் யாராவது ஒருவர் போய் வலை தன்னுடையது என்று சொல்லி, நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டம் கட்டிவிட்டு வருவார். தண்டத்தை எல்லோரும் பங்கு போடுவார்கள். போய்வந்தவருக்கு அன்று விருந்து.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் திருவிழாவை நாளுக்கு ஒரு குடியார், அதாவது ஒரு குலத்தார், முறை வைத்துச் செய்வார்கள். இன்று இந்தக் குடி, நாளை அந்தக் குடி. சண்டை வராது, யாருக்கும் பாரமும் இல்லை. இவர்கள் அதே ஒழுங்கைக் குற்றத்துக்கும் வைத்திருந்தார்கள் என்பதை அன்று காலைதான் அறிந்தேன். வலை யாருடையது, யார் போட்டது, அன்று தோணியில் யார் இருந்தது என்பதெல்லாம் கணக்கில்லை. முறை யாருடையதோ அவர் குற்றவாளி.

இதுவரை தம்பியின் முறை வரவில்லை. இப்போது வந்துவிட்டது. பிடித்த அதிகாரிகளிடம் மாமா முறைப்படியே, “வலைக்காரர் வீட்ட நிக்கிறார், திங்கக்கிழமை வருவார் சேர்,” என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் தோணியையும் வலையையும் எடுத்துக்கொண்டு, வலைக்காரர் வந்து வாக்குமூலம் கொடுக்கட்டும், பிறகு வழக்குப் போடுவோம் என்று சொல்லி இவர்களைக் கரையில் இறக்கி விட்டிருக்கிறார்கள்.

இது வேறு ஒரு வருடமாக இருந்தால் நானும் சிரித்துவிட்டுத் தேங்காய் துருவப் போயிருப்பேனோ என்னவோ. ஆனால் தம்பிக்குக் கலியாணம் நடந்து ஒரு வருடம் ஆகவில்லை. மணப்பெண் கனடாவில் வேலை செய்பவள். விடுமுறையில் வந்து தாலி கட்டிக்கொண்டு, ஒரு மாதம் எங்களோடு இருந்து, விமான நிலையத்தில் அழுது, திரும்பிப் போய்விட்டாள். அவனை அங்கே எடுப்பதற்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். இருவரும் பகலும் இரவும் தொலைபேசியில் பேசி, அவன் காதோரம் சிவந்தே போயிருந்தது. விண்ணப்பத்துக்கு அடுத்ததாகக் கேட்டிருந்தது பொலிஸ் நற்சான்று. உன்மேல் எப்போதாவது குற்றம் சாட்டப்பட்டதா, நீ எப்போதாவது குற்றவாளியாகக் காணப்பட்டாயா என்று கேட்கும் கேள்வித்தாளும் வந்திருந்தது. நான் உபதபால் கந்தோரில் வேலை செய்பவள். படிவங்களோடு பழகியவள் என்பதால் அந்தத் தாளை நிரப்பும் பொறுப்பு என்னிடம் இருந்தது.

“நீ கோர்ட்டுக்குப் போனா அந்தக் கேள்விக்கு நான் என்னத்த எழுதுற?” என்று கேட்டேன்.

“அது சின்ன விசயம் அக்கா. வலைக் கேஸ். கொலையா செய்தன்?”

“நீ ஒண்டுமே செய்யல்ல. நித்திரை கொண்டாய்.”

“அது அவங்களுக்குத் தெரியாதே,” என்றான் மேசன் உதவியாக.

தம்பியின் சிக்கல் வேறு. மூன்று பேரும் போனபிறகு அதைச் சொன்னான். கனடாவுக்குப் போகப்போகிறவன், தன் முறை வந்ததும் ஒளித்துக்கொண்டான் என்று ஊர் சொல்லும். மேசன் போயிருக்கிறான். மாமா போயிருக்கிறார். இவன் மட்டும் நண்டு தின்றுவிட்டுப் போய்விட்டான் என்ற பேச்சோடு விமானம் ஏற அவனுக்கு மனமில்லை. “போகமுதல் என்ட முறையச் செய்திட்டுப் போறன் அக்கா. அதுதான் மரியாதை.”

மரியாதையோடு வாதாட என்னால் முடியாது. வாதாடுவதற்கென்றே படித்த ஒருவரிடம் கொண்டுபோவது என்று முடிவெடுத்தேன். அக்கரையில் ஒரு சட்டத்தரணி இருக்கிறார். இளம்பெண். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வீட்டிலேயே ஆட்களைப் பார்ப்பார். தம்பியை வரச் சொன்னேன். அவன், தனியாகப் போனால் மற்றவர்களைக் காட்டிக்கொடுத்ததுபோல் ஆகிவிடும் என்றான். அதனால் எல்லோரையும் வரச் சொன்னேன்.

எங்கள் ஊர் வாவியின் மேற்கே, படுவான்கரையில், மண்டூர்ப் பக்கம். நீதிமன்றமும் பெரிய கந்தோர்களும் கிழக்கே, எழுவான்கரையில். நடுவில் ஓடுவதற்கு நாங்கள் ‘பாதை’ என்று பெயர் வைத்திருக்கிறோம்: மோட்டார் பூட்டிய பெரிய மிதவை. ஆட்கள், மோட்டார் சைக்கிள்கள், சந்தைக்குப் போகும் மரக்கறிச் சாக்குகள் எல்லாம் அதில் நின்றபடி போகும். அன்று காலை நாங்கள் ஐந்து பேரும் அதில் நின்றோம். மற்ற மூவரும் கழுவி மடித்த சேட்டும், தம்பி தன் கலியாணத்துக்குத் தைத்த நீளக் காற்சட்டையும் போட்டிருந்ததைப் பார்த்து, பாதைக்காரர் எங்கே பெண் பார்க்கவா என்று கேட்டார்.

“பொம்பிள பாத்து முடிஞ்சுது. இப்ப குற்றவாளி பாக்கப் போறம்,” என்றான் மேசன்.

சட்டத்தரணியின் விறாந்தையில் ஐந்து பிளாஸ்டிக் கதிரைகள் சரியாக இருந்தன. அவர் எங்களுக்கு முன்னால் ஒரு சிறிய மேசையோடு உட்கார்ந்தார். நான் தொடங்கினேன், நடந்ததை நடந்த வரிசையில் சொன்னேன். அவர் இடையில் பேசாமல் கேட்டார். பிறகு ஆண்களைப் பார்த்து, “வலை போட்டது ஆர்?” என்றார்.

நால்வரும் முற்றத்துத் தென்னையைப் பார்த்தார்கள்.

“நல்லது,” என்றார் சட்டத்தரணி. “பேசாம இருக்கிறது உங்கட உரிமை. ஆரும் உங்கள வற்புறுத்தி வாயத் திறக்க வைக்கேலா. ஆனா அது பொலிசுக்கும் அதிகாரிமாருக்கும் முன்னால. என்னட்ட வந்து மௌன விரதம் இருந்தா நான் எப்பிடி உதவி செய்யிற?”

மேசன் சிரித்துவிட்டான். தோணிக்காரர் தொண்டையைச் செருமி, “வலை என்ட மிஸ். போட்டதும் நான்,” என்றார், ஏதோ பரீட்சையில் சித்தியடையாத பிள்ளை மாதிரி.

“அப்ப இவர் என்னத்துக்கு வந்திருக்கிறார்?”

“முறைக்கு,” என்றார் மாமா.

முறை என்றால் என்ன என்பதை மாமாவே விளக்கினார். அவருக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. சட்டத்தரணி பேனையைத் திறந்துகொண்டு, இங்கே இருப்பவர்களில் யாருக்காவது முன்பு வழக்கு இருந்ததா என்று கேட்டார். மேசன் ஒரு விரலைக் காட்டினான். மாமா மூன்று விரல்களைக் காட்டினார்.

“மூணு தரமா? ஏன் உங்களுக்கு மட்டும் மூணு?”

“ஒருக்கா என்ட முறை. ஒருக்கா மேசனுக்குக் கூரை வேலை இருந்தது, அவன்ட முறையை நான் எடுத்தன். மற்றது தோணிக்காரர்ர முறை. அண்டைக்கு அவர்ர மகள் பெரியபிள்ளையாகி, சாமத்திய வீடு.”

“நீங்க எந்த வலை போடுவீங்க மாமா?”

“நான் வலை போடுறல்ல மிஸ். எனக்குக் கண் தெரியா. தண்ணி இறைக்கிறன்.”

சட்டத்தரணி பேனையை மூடி மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு சொன்னார்: “நீதிமன்றப் பதிவப் பாத்தா, இந்த வாவியில இருக்கிற ஆகப் பெரிய கள்ளன் நீங்கதான் மாமா. இவர்,” என்று தோணிக்காரரைக் காட்டி, “ஒரு குற்றமும் தெரியாத பச்சைப்பிள்ளை.”

தோணிக்காரர் நிமிர்ந்து பார்க்கவில்லை. மாமாவோ முதல்தடவையாகத் தன் மூன்று விரல்களையும் ஒரு மாதிரிப் பார்த்தார். “அப்ப இன்னொருக்கா நான் போனா?”

“திரும்பத் திரும்பச் செய்யிற ஆள் எண்டு நீதவான் நினைப்பார். அவரில பிழை இல்ல. உங்கட வாயாலதானே சொன்னீங்க. தண்டத்தோட விடுவாரா, உள்ளுக்குப் போடுவாரா எண்டு எனக்குச் சொல்லேலா.”

அதன்பிறகு அவர் தம்பியின் பக்கம் திரும்பினார். அடுத்த சில நிமிடங்களில் அவர் சொன்னதை நான் வீட்டுக்கு வந்ததும் எழுதி வைத்தேன். சுருக்கமாக இது. நீதிமன்றத்தில் குற்றவாளியா, சுற்றவாளியா, அதாவது குற்றமற்றவரா என்று கேட்பார்கள். அந்தப் பதில் கேட்கப்படும் ஆளுக்கு மட்டுமே சொந்தம். சட்டத்தரணியோ பொலிசோ கூட்டாளியோ அதைத் தீர்மானிக்க முடியாது. பதில் சொல்லமுன் சட்டத்தரணியோடு பேசத் தவணை கேட்கலாம். செய்யாததை ஒப்புக்கொள்வது பெருந்தன்மை அல்ல. அது நீதிமன்றத்துக்கும் அதற்கு முன் அதிகாரிகளுக்கும் பொய் சொல்வது. அதுவே தனிக் குற்றம்.

“இப்ப கனடாக் கதைக்கு வருவம்,” என்றார். “அங்கத்தைய சட்டம் எனக்குத் தெரியா. தெரிஞ்ச மாதிரிக் கதைக்கவும் மாட்டன். வலைக் கேஸ் அவங்களுக்குச் சின்னதா பெரிசா எண்டு அங்க இருக்கிற குடிவரவுச் சட்டத்தரணியிட்ட உங்கட மனிசி கேக்கட்டும். ஆனா ஒண்ட நீங்களே யோசிங்க. நாளைக்கு நீங்க ஒத்துக்கொண்டா, அந்தத் தாளில என்னத்த எழுதுவீங்க? குற்றம் செய்தன் எண்டு எழுதினா அது பொய். செய்யல்ல எண்டு எழுதினா, நீதிமன்றத்தில சொன்னது பொய். எந்தப் பக்கம் எழுதினாலும் கீழ கையெழுத்து உங்கட.”

 “முறை எண்டு ஒண்டு இருக்கே மிஸ்,” என்றான் தம்பி மெதுவாக.

“அதுக்கு என்னட்டச் சட்டம் இல்ல,” என்றார் அவர்.

மேசனுக்கும் மாமாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினார். அதிகாரிகள் ஏதும் கேட்டால் உண்மை சொல்லலாம், அல்லது பேசாமல் இருக்கலாம். பொய் சொல்ல மட்டும் யாருக்கும் உரிமை இல்லை. தேவை வந்தால் அவர்கள் வேறொரு சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும், ஒரே தோணியில் இருந்தவர்களுக்கு நாளை வேறு வேறு கதை இருக்கக்கூடும் என்றும் சொன்னார். அதை மேசன் மட்டும் ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

திரும்பி வரும்போது பாதையில் தோணிக்காரர் கம்பியைப் பிடித்தபடி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று பின்னேரம் தம்பி மனைவிக்குத் தொலைபேசி எடுத்தான். அங்கே விடிகாலை. அவன் எப்போதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசுபவன், அன்று குசினியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் போட்டான். தனியாகத் திட்டு வாங்க அவனுக்குத் துணிவில்லை என்று நினைக்கிறேன். நடந்ததைக் கேட்டு முடித்த அவள் முதலில் பேசியது என்னோடு.

“மச்சாள், இவர் அண்டைக்கு ராத்திரி என்னோடதானே கதைச்சுக்கொண்டு இருந்தவர். மறுகா நித்திரை வருகுது எண்டு வச்சவர். அப்ப எந்த நேரம் வலை போட்டவர்?”

“போடல்ல கிளி. போட்டன் எண்டு சொல்லப் போறாராம்.”

“என்ன விசரா? நான் இங்க அடுக்களையில ரெண்டு கதிரை வாங்கி வச்சிட்டு, ஒண்டில மட்டும் இருந்து சாப்பிடுறன். இவர் மற்றவன்ட வலைக்கு மாப்பிள்ளையாப் போறாரா?”

தம்பி சமாதானம் சொல்லப் பார்த்தான். அவள் விடவில்லை. கோபம் இறங்கியபிறகு மெதுவாகச் சொன்னாள்: “கேளுங்க. சின்னக் கேஸ் எண்டா நான் காத்திருப்பன். ஒரு வருசம் பிந்தினாலும் காத்திருப்பன். ஆனா பொய்யோட வந்தா, வந்த பிறகும் ஒவ்வொரு கடிதம் வரக்குள்ளயும் பயப்படணும். அப்பிடி என்னால இருக்கேலா.”

அவள் மறுநாளே அங்குள்ள ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் கேட்டுச் சொன்னாள். வலைத் தண்டம் என்றால் உடனே நிராகரிப்பார்கள் என்று இல்லை. ஆனால் மறைக்கக் கூடாது. தீர்ப்பின் பிரதி கேட்பார்கள், விளக்கம் கேட்பார்கள், நாள் இழுபடும். எல்லாவற்றையும்விட மோசம், கேட்ட கேள்விக்குப் பொய் எழுதுவது. அது பிடிபட்டால் சில வருடங்களுக்கு விண்ணப்பிக்கவே விடமாட்டார்கள். ஆனால் இந்தப் பதில் வரும்போது எங்கள் பக்கம் காரியம் முடிந்திருந்தது.

திங்கட்கிழமை காலை நான் கந்தோர் திறக்கமுன், தம்பி வெள்ளைச் சேட்டுப் போட்டு வெளிக்கிட்டு நின்றான். முகம் சவரம் செய்திருந்தான்.

“எங்க?” என்று கேட்டேன்.

“துறைக்குப் போறன். போய் அவங்களுக்கு நேர சொல்லிட்டு வாறன், எனக்கு ஏலா எண்டு. சொல்லாம வீட்டுக்க இருக்க ஏலா அக்கா.”

வெள்ளைச் சேட்டை நம்பலாமா என்று எனக்குத் தெரியவில்லை. துறையில் நின்றுவிட்டு அப்படியே பாதையில் ஏறிவிடக்கூடியவன் அவன். நானும் கூடப் போனேன்.

துறையில் தோணிக்காரர் ஏற்கெனவே நின்றார். அவரும் வெள்ளைச் சேட்டு; பித்தான் கழுத்துவரை பூட்டி, தலைக்கு எண்ணெய் வைத்து. பக்கத்தில் மாமாவும் மேசனும். தம்பியைக் கண்டதும் தோணிக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது.

“நீ எங்க போறாய்?”

“உங்களப் பாக்கத்தான் வந்தன் அண்ணன். நான்...”

“வலை என்ட. நான்தான் போவன்.”

“நான் இன்னும் ஒண்டும் சொல்லல்லையே.”

“சொல்லத் தேவல்ல. உன்ட சேட்டப் பாத்தாலே தெரியுது. கழத்து. கழத்திப்போட்டு வேலைக்குப் போ.”

“என்ட முறையில நான் ஒளிச்சிட்டன் எண்டு நாளைக்கு ஆரும் சொல்லப்படாது,” என்றான் தம்பி. மறுத்துச் சொல்ல வந்தவன், மற்றவர் பிடிவாதத்தைக் கண்டதும் தன் பிடிவாதத்துக்குத் திரும்பிவிட்டான். எங்கள் குடும்பத்தில் இது இருக்கிறது.

“ஆர் சொல்லுவான்? இந்த மேசனா? முறை எண்டு வச்ச ஆளே நான்தான்டா. திருவிழாவுக்கு முறை வைக்கலாம், தண்ணிக் கால்வாய்க்கு வைக்கலாம். வலை போட்டவன் நான். மீனும் பெரிய பங்கு நான் எடுத்தன். இந்த மனிசன்,” என்று மாமாவின் தோளில் கைவைத்தார், “மூணுதரம் எனக்காகக் குற்றவாளிக் கூட்டில ஏறி நிண்டவர். நேத்து அந்தப் பிள்ள சொல்லத்தான் எனக்கு வெக்கம் வந்தது. ராத்திரி சோறு இறங்கல்ல.”

மாமா கண்ணைத் துடைத்தார். காற்றில் தூசி என்றார் பிறகு.

“அப்ப எனக்கு முறையே இல்லையா?” என்று கேட்டான் தம்பி.

“இருக்கு. என்னோட வா. வாசலில குந்தி இரு. எனக்குத் தனியப் போகப் பயமா இருக்கு.”

மேசன் அவர்களை மாறி மாறிப் பார்த்தான். “வலை போட்டவனே போய் ஒத்துக்கொள்ளுறதா? இப்பிடி ஒரு வழக்கம் நம்மட ஊரில இல்லையே,” என்றான். பாதை வந்து கரையில் முட்டியது. நான்கு பேரும் ஏறினார்கள். நான் கந்தோருக்குப் போனேன்.

கடற்றொழில் கந்தோரில் நடந்ததைத் தம்பி வந்து சொன்னான். தோணிக்காரர் அழைத்திருந்ததால் சட்டத்தரணியும் வந்திருந்தாராம். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி தோணிக்காரர் கேட்டார். அதிகாரி மறுப்பின்றி எழுதினார். முடிந்ததும் கையெழுத்து வைக்கப் பேனையை எடுத்தவரை, சட்டத்தரணி கையைக் காட்டி நிறுத்தி, முதலில் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தபோது, ஒரு வலை என்று சொன்னது இரண்டு வலை என்று விழுந்திருந்தது. தப்பாகக் கேட்டதாகச் சொல்லி அதிகாரியே வெட்டித் திருத்தி, திருத்திய இடத்தில் இருவரும் கையெழுத்து வைத்தார்கள். முன்பு மூன்றுதரம் வந்தபோது தனக்கு எதையும் வாசித்துக் காட்டவில்லையே என்று மாமா வெளியில் வந்து குறைப்பட்டார். நீங்கள் கேட்டீர்களா என்று சட்டத்தரணி கேட்டார். இல்லை, கெதியாக வீட்டுக்குப் போகவேண்டும் என்று நினைத்தேன் என்றார் மாமா.

வழக்கு வந்த நாளில் நானும் லீவு எடுத்துக்கொண்டு போனேன். பின்வரிசை வாங்கில் தம்பி, மாமா, மேசன், நான். குற்றச்சாட்டு வாசிக்கப்பட்டது. தோணிக்காரர் குற்றவாளி என்று சொன்னார். குரல் பின்வரிசைவரை கேட்டது. முன்குற்றம் உண்டா என்று கேட்கப்பட்டது. இல்லை, இது இவருடைய முதல் குற்றம், பிள்ளைகள் படிக்கிறார்கள், இந்த வலையை இனித் தொடமாட்டார் என்று சட்டத்தரணி சொன்னார்.

“முதல் குற்றமாம்,” என்றார் மாமா. மெதுவாகச் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். மேசன் சால்வையை வாயில் அமுக்கிக்கொண்டு குனிந்துவிட்டான். வாசலில் நின்ற பொலிஸ்காரர் எங்களை முறைத்தார். நான் மாமாவின் கையைப் பிடித்து அழுத்தினேன். நீதவான் கடுமையாக எச்சரித்து, குறைந்த தண்டத்தோடு விட்டார். வலையை அழிக்கவும் தோணியைத் திருப்பிக் கொடுக்கவும் உத்தரவானது.

வெளியில் வந்ததும் தோணிக்காரர் மரத்தடியில் நின்று ஒரு போத்தல் தண்ணீரை முழுவதும் குடித்தார். “உள்ளுக்க நிக்கக்குள்ள கால் நடுங்கிச்சு,” என்றார் மாமாவிடம். “நீ எப்பிடி மூணுதரம் நிண்டாய்?”

“எனக்கு நடுங்கல்ல. நான் ஒண்டும் செய்யல்லையே,” என்றார் மாமா.

அவருடைய பழைய மூன்று வழக்குகளுக்கு ஏதும் செய்யமுடியுமா என்று நான் சட்டத்தரணியிடம் கேட்டேன். தானாக ஒப்புக்கொண்டதைத் திருப்புவது லேசில்லை, பார்க்கிறேன், உறுதி சொல்லமாட்டேன் என்றார். இன்றுவரை மாமா பதிவில் அப்படியே இருக்கிறார். சந்தையில் யாராவது மீனுக்கு விலை கூட்டினால் மேசன் அவரை முன்னால் விட்டு, “ஆளத் தெரியுமா? மூணு கேஸ்,” என்பான். மாமாவுக்கு அதில் கோபமில்லை.

அதன்பிறகு தம்பியும் நானும் கேள்வித்தாளோடு உட்கார்ந்தோம். குற்றம் சாட்டப்பட்டதா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதினோம். அவன் பேனையை வைக்கவில்லை. கூட்டாளிகளின் தோணி பிடிபட்டதையும், தான் குற்றம் ஒப்புக்கொள்ளவிருந்ததையும் கீழே எழுதவேண்டாமா என்று கேட்டான். சட்டத்தரணி சொன்னது அவனுக்குத் தேவைக்கு மேலாகவே ஏறிவிட்டது. தொலைபேசியில் இருந்த அவன் மனைவி, “கேட்டதுக்கு உண்மை எழுதுங்க. கேக்காததுக்கு வரலாறு எழுதவேணாம்,” என்றாள்.

பொலிஸ் நற்சான்று பதிவுத் தபாலில் என் கந்தோருக்கே வந்தது. அவனை அழைத்து, அடையாள அட்டையைக் காட்டச் சொன்னேன். “அக்கா, நான் உங்கட தம்பி,” என்றான். பதிவுத் தபாலுக்குத் தம்பி என்ற பிரிவு இல்லை என்றேன். வீட்டுக்கு ஓடிப்போய் அட்டையை எடுத்து வந்து, கையெழுத்து வைத்து, அங்கேயே நின்று பிரித்தான். அவனுக்கு எதிராகப் பதிவு எதுவும் இல்லை. வரிசையில் நின்ற ஒரு முதியவருக்கும் அதை வாசித்துக் காட்டினான்.

விசாவுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தோம். அந்த மாதங்களை நான் விவரிக்கப் போவதில்லை. காத்திருந்த எல்லோருக்கும் அது தெரியும். வந்தது. போகும் அன்று தோணிக்காரர், தடையில்லாத வலையில் பிடித்து உலர்த்திய இறால் கருவாட்டை நன்றாகச் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். சேட்டுக்குள் ஒளித்துக்கொண்டு போ, கேட்டால் இல்லையென்று சொல்லு என்றான் மேசன். மூன்று பேர் ஒரே நேரத்தில் அவனை அதட்டினார்கள். அதில் ஒருவர் மாமா.

அவன் போய் இறங்கிய செய்திக்காக மறுநாள் கந்தோர் மூடியபிறகும் நான் வாசலில் இருந்தேன். அழைத்தது அவன் மனைவி.

“மச்சாள், வந்திட்டார். ஆனா என்ட உயிர் போயிட்டுது. அந்த விமானத்தில வந்த சனம் முழுக்க வெளியில வந்திட்டுது, இவர மட்டும் காணல்ல. பிடிச்சிட்டாங்களோ எண்டு நான் அழத் தொடங்கிட்டன். பாத்தா, சாப்பாட்டுச் சாமான் ஏதும் இருக்கா எண்டு கேட்ட உடன, இவர் கருவாட்ட எடுத்து மேசையில வச்சு, எந்த வலையில பிடிச்சது எண்டு வரைக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிண்டிருக்கிறார்.”

“கேட்டாங்க, சொன்னன். விட்டிட்டாங்க. கருவாடும் வந்திட்டுது,” என்றது தம்பியின் குரல் பின்னாலிருந்து.

“கேட்டது இருக்கா எண்டுதான். எந்த வலை எண்டு ஆர் கேட்ட?” என்றாள் அவள். அவன் ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள், யாரோ கதிரையை இழுக்கும் சத்தம் கேட்டது. இருவரும் என்னை மறந்து தங்களுக்குள் வாதாடத் தொடங்கிவிட்டார்கள். அவள் கலியாணம் முடிந்து கனடாவுக்குப் போனபிறகு, இருவரின் குரலும் ஒரே தொலைபேசியிலிருந்து வருவதை அன்றுதான் கேட்டேன். வைக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.